குழலில் விழுந்த கட்டைவிரல்

ஹோபர்ட் ஸ்கேக்ஸ் வீட்டில் குளிக்கப் போகிறவர்கள், உள்ளே துப்பாக்கிக் குழல் தொங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலைமடிப்பில் யாருடைய பழைய துப்பாக்கி வெளிறினாலும் அவரிடம்தான் வரும். நிலக்கரிச் சுரங்கம் நெஞ்சைக் கெடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர் பிடித்துக்கொண்ட வேலை, குழலுக்குப் புது நிறம் ஏற்றுவது.

எண்ணெய்ப் பசை போகக் கழுவிய குழலில் துருவேற்றும் மருந்து தடவி, வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் தொங்கவிடுவார். காலையில் செந்துரு பூத்திருக்கும். நீளத் தொட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டால் அது கறுக்கும். இரும்பு நாரால் தேய்த்துவிட்டு மறுபடி மருந்து, மறுபடி ஆவி. பல தடவை செய்தால் ஆழ்ந்த நீலக்கறுப்பு ஏறும். நடுவில் வெறுங்கை பட்டால் போச்சு. விரல் பசை ஒட்டிய இடத்தில் துரு பிடிக்காது, வழுக்கை விழும்.

அவர் மனைவி வெர்னாவுக்கு இது ஆகவே ஆகாது. "நான் குளிக்கணுமா, உங்க இரும்பு குளிக்கணுமா?" என்று குழலை வெறுங்கையால் தள்ளிவிடுவாள். தடத்தைப் பார்த்து அவர் கத்துவார். போன பனிக்காலத்தில் அவளைப் புதைத்தார்கள்.

இலை உதிரத் தொடங்கியபோது, அவளுடைய அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். முதல் காலையிலேயே குழலின் நடுவில் ஒரு கட்டைவிரல் தடம். அவர் கையுறை போட்டுத்தான் வேலை செய்திருந்தார். தேய்த்துவிட்டு மறுபடி தடவினார். மறுநாளும் அதே இடத்தில் தடம். வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

இந்தத் தடவை அவர் கத்தவில்லை. "வந்துட்டியா" என்றார்.

அவர் தங்கை ஒலீட்டா முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டியே ஓய்வு பெற்றவள். வெர்னா போனதிலிருந்து அவளுக்கு ஒரே கவலை: அலமாரி நிறையத் துப்பாக்கிகள், சாவி அண்ணனின் சட்டைப்பையில்.

"உனக்கு நிலை தடுமாறுச்சுன்னா அத்தனையும் என் வீட்டுக்கு வந்துரும்ணே" என்று முன்பே சொல்லியிருந்தாள்.

அன்று அவள் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்தாள். அவர் தட்டைத் தொடாமல், "வெர்னா வந்துட்டுப் போறா. வா, காட்டறேன்" என்றார்.

"செத்த பிறகும் அவளுக்கு உன் குளியலறையோடதான் சண்டையா?"

"கிண்டல் பண்ணாத. அவ கைதான்."

ஒலீட்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழலருகே குனிந்தாள். தடத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. சிறுவயதில் ரம்பம் அண்ணனின் விரலைக் கிழித்தபோது துணி சுற்றியவளே அவள்தான்.

"கையக் கொடுண்ணே."

"எதுக்கு?"

"நகம் வளந்திருக்கு."

நீட்டியவர் தாமே பார்த்துவிட்டார். விரலைத் தடத்தின் அருகே, படாமல் பிடித்தார். தழும்பும் கோடும் ஒன்றாக இருந்தன.

"அவ வரலியா?"

"இல்லண்ணே. நீதான் தூக்கத்துல எந்திரிச்சு வந்திருக்க."

"அப்ப நான் யாரு கூப்பிட்டு எந்திரிச்சேன்?"

ஒலீட்டா காபியைச் சூடாக்கினாள்.

"தூக்கத்துல துப்பாக்கி அலமாரியத் தாண்டித்தான் போயிருப்பேன்" என்றார் அவர். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவள் துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினாள். ஒற்றைக்குழலின் மரப்பிடியையும் விசையையும் எடுத்துக்கொண்டாள்.

"குழல்?"

"குழல் மட்டும் இருந்தா அது வெறும் குழாய். அது இங்கயே தொங்கட்டும், வேலைய முடி. நான் இனிமே இந்த சோபாவுலதான் படுப்பேன்."

"குறட்டை விடுவியே புள்ள."

"காதுல பஞ்சு வெச்சுக்க."

சாயங்காலம் அவர் கையுறை மாட்டி, குழலைக் கழுவி, மருந்து தடவி, வெந்நீரைத் திறந்துவிட்டார். குளியலறைக் கதவைச் சாத்தவில்லை. ஆவி வெளியே போய்விடும் என்று தெரிந்தும், ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தே விட்டார்.

ஒலீட்டா பார்த்தாள். எழுந்துபோய் மூடவில்லை.