சார்ட்டின் நாலாவது கட்டம்

எங்கள் சர்ச்சின் பங்குச்சாமியார் நினைத்தால் என் விசாவை ரத்து செய்துவிடலாம் என்று நாற்பத்தெட்டு வயதில் நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். பதினாறு வருடமாக துபாயில், ஜெபல் அலி துறைமுகத்தில் கப்பல் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்க்கிறவன் நான். ஓர் எண் பிசகினால் கண்டெய்னர் நிற்கும். பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மகளுக்கு சர்ச்சில் உறுதிபூசுதல் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கான மறைக்கல்வி வகுப்பில், ஏதாவது ஒரு துறவற சபையைப் பற்றி சார்ட் செய்யச் சொன்னார்கள். ஆபீஸ் பிரிண்டரில் கலரில் அடித்துக் கொடுத்தேன். வாசிக்கவில்லை. மூன்று கட்டங்களில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, அநாதை இல்லம். நாலாவதில், அந்தச் சபை அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்ததும், அவர்களை விற்றுக் கப்பலேற்றியதும், விற்கப்பட்டவர்களின் பட்டியலும்.

நாலாவது கட்டத்தைச் சொல்லி டீச்சர் போன் செய்தார். "ஃபாதர் உங்களை சனிக்கிழமை வரச் சொன்னார்."

"உறுதிபூசுதல் கேன்சல்," என்றேன் மனைவியிடம். "அடுத்தது விசா."

"விசா குடுத்தது உங்க கம்பெனி. அதுல சாமியாருக்கு என்ன வேலை?"

"உனக்கு உலகம் தெரியாது."

மகள் போனிலிருந்து நிமிரவில்லை. "இட்ஸ் ட்ரூ, அப்பா. அந்த சபையே ஒத்துக்கிட்டாங்க."

"உண்மைன்னா அத கலர்லயா அடிக்கணும்?"

வார்னிங் லெட்டர்களுக்குப் பதில் எழுதிய அனுபவம் கைகொடுத்தது. 'பொருள்: வருத்தம் தெரிவித்தல்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். மகள் சின்னப் பிள்ளை என்று ஒரு காரணம், பிரிண்டர் பழுது என்று இன்னொரு காரணம்.

சாமியார் தூத்துக்குடிக்காரர். சனிக்கிழமை நான் போனபோது அவர் மேசையில் சார்ட் விரிந்து கிடந்தது. கடிதத்தை நீட்டினேன்.

"என்ன இது, லீவ் லெட்டரா?"

"மன்னிப்புக் கடிதம், சாமி. நாலாவது கட்டத்துக்கு."

முழுவதையும் பொறுமையாகப் படித்தார். "பிரிண்டர் பழுதாகி இவ்வளவு சரியா அடிச்சிருக்கா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"நடந்தத எழுதியிருக்கா பிள்ள. அதுக்கு நீரு ஏன் மன்னிப்பு கேக்கீரு? பேரெல்லாம் பொடிசா இருக்கு, அதுக்குத்தான் கூப்பிட்டேன். மண்டபத்துல மாட்டணும். பெருசா அடிச்சிட்டு வாரும்."

திங்கட்கிழமை ஆபீசில் அடிக்கும்போதுதான் முதல்முறையாக அந்தப் பட்டியலை வாசித்தேன். நான் தினமும் பார்க்கும் அதே மாதிரிப் பத்திகள். எங்கள் பட்டியலில் எடை இருக்கும் இடத்தில், இதில் வயது. ஒரு வரியில் 'இரண்டு மாதம்' என்று இருந்தது. எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

சார்ட்டை மண்டப வாசலில் மாட்டினார்கள். உறுதிபூசுதல் சொன்ன நாளில் நடந்தது.