எறும்புக்கு மலாய் தெரியாது

"அங்கிள், வீட்ல ஆன்டிக்கு என்னதான் சாப்பாடு குடுக்கிறீங்க?"

கேட்ட டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட வயது குறைவு. குரலில் மரியாதை இருந்தது. ஆனால் அந்த 'என்னதான்' இருக்கிறதே... அதற்குள் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார்.

இது நடந்து மூன்று மாதத்திற்கு மேல் ஆகிறது. முடிவு தெரியாமல் எழுதக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் தெரிந்தது. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் மனைவி சரோஜாவுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாற்று மூட்டு வைக்க வேண்டும். வைக்கலாம் — ஆனால் சர்க்கரை எட்டுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தியை எடுப்போம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. முதல் தடவை எட்டு புள்ளி நான்கு. ஆபரேஷன் தள்ளிப்போனது. "நான் இறக்கிக் காட்டுறேன் டாக்டர்" என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

இரண்டாம் தடவை? எட்டு புள்ளி ஒன்பது.

இறக்குகிறேன் என்று சொன்னவன் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறேன்!

"அடுத்த டெஸ்ட்லயும் இப்படியே இருந்தா ஆன்டி பேரு லிஸ்ட்ல கடைசிக்குப் போயிடும் லா, அங்கிள். அப்புறம் எப்போ டர்ன் வரும்னு என்னால சொல்ல முடியாது."

சரோஜா கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். கிள்ளான் தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தவள் அவள். இப்போது கூடத்திலிருந்து கேட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். இடையில் கதவு நிலை ஒன்று, பூந்தொட்டி ஒன்று. பிடித்துக்கொள்ள அவை இரண்டுதான் இருக்கின்றன.

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சாலைக்கு எத்தனை லோரி கல், எத்தனை பீப்பாய் தார் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தவன். என்னைப் பார்த்தா 'என்னதான் குடுக்கிறீங்க' என்று கேட்பது?

என்ன கொடுத்தேன் தெரியுமா? இட்லி இரண்டு. சோறு, காபிக் கோப்பையால் தலைதட்டி ஒன்று. பாதாம் ஏழு — இரவில் ஊறப்போட்டு, காலையில் தோலுரித்து, சின்னத் தட்டில் வரிசையாக.

"என்னங்க இது, எண்ணி எண்ணி வெக்கிறீங்க? நான் என்ன சீட்டு எடுக்கிற கிளியா?"

"எட்டாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். கிளிக்குக்கூட ஒரு நெல்லு குடுத்தா மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கிட்டு குடுப்பாங்க."

சமையலையும் நானே எடுத்துக்கொண்டேன். 'டெம்பேயை நம்ம வீட்டு ருசியில் எப்படிச் செய்வது' என்று இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் முன்பு கேட்டிருந்தார். இதோ, அம்மா. பாசாரில் வாழையிலையில் கட்டி விற்கும் டெம்பே, அந்தப் புளித்த சோயாக்கட்டி, ஒன்று. விரல் கனத்துக்கு நறுக்குங்கள். மஞ்சள், உப்பு, மிளகுத்தூள் புரட்டி, கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்க விடுங்கள். பொரிக்க வேண்டாம். கடுகு, சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு மூன்று பல், கறிவேப்பிலை பதினொன்று தாளித்து அதோடு பிரட்டி இறக்குங்கள். கடைசியில் எலுமிச்சை. கறிவேப்பிலை பன்னிரண்டு போட்டாலும் ஒன்றும் ஆகாது. நான் போடுவதில்லை, அவ்வளவுதான்.

கூடவே, பாசாரில் பெகாகா என்று விற்கிறார்களே, நம் வல்லாரை... அதைப் பச்சையாகப் பொடியாக நறுக்கி, வெங்காயமும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிசறினால் போதும். ஒரு கைப்பிடி என்றால் எத்தனை கிராம் என்று மட்டும் எழுதிக் கேட்காதீர்கள். யார் கை என்பதே எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

இவ்வளவு செய்தும் எட்டு புள்ளி ஒன்பது என்றால்?

திருட்டுத்தனமாக ஏதோ உள்ளே போகிறது என்றுதானே அர்த்தம்? விசாரணையில் இறங்கினேன். மகள் வந்தபோது கேக் கொண்டுவந்தாளா? இல்லை. பக்கத்து வீட்டில் பிறந்தநாளா? இல்லை. கோவிலில் சர்க்கரைப் பொங்கல்?

"சாமியையும் விட்டுவைக்க மாட்டீங்களா?" என்றாள் சரோஜா. "நான் கோவிலுக்குப் போயே ஆறு மாசம் ஆச்சு. படி ஏற முடியலன்னுதானே இந்த ஆபரேஷனே."

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சந்தேகத்தை மூடவில்லை.

இந்த இடத்தில் என் காலை நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு திடல். விடிந்ததும் அதைச் சுற்றி வருவேன். முன்பு இருவரும் போவோம். இப்போது நான் மட்டும். திரும்பும் வழியில் முனைக் கடையில் எனக்கு ஒரு காபி ஓ கோசோங், பால், சீனி எதுவும் இல்லாத கறுப்புக் காபி, அவளுக்கு ஒரு பெரிய 'தே கோசோங்'. இரண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள். கையில் தொங்கவிட்டுக்கொண்டு வருவேன். சரோஜா கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு, குவளையோடு காத்திருப்பாள்.

மலாயில் கோசோங் என்றால் தெரியுமல்லவா? காலி. ஒன்றுமில்லை. நம் ஊரில் போன் நம்பர் சொல்லும்போது பூஜ்யத்துக்கே கோசோங் என்றுதானே சொல்கிறோம்? ஆகவே நாள் முழுக்க அவள் வாய்க்குள் போனதில் இந்தத் தேநீரை மட்டும் நான் கணக்கில் சேர்த்ததில்லை. பூஜ்யத்தை யார் கூட்டுவார்கள்? அதன் நிறம் வெளுப்பாக இருந்ததையும் பார்த்தேன். பால்தானே, பால் உடம்புக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

டாக்டரைப் பார்த்து வந்த மூன்றாம் நாள். அன்று பையைக் கட்டிய ரப்பர் வளையம் இறுகவில்லை. கேட்டில் நிற்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்ததும், சமையலறை மேடையில் இரண்டு பையும் ஒழுகிவிட்டன. சட்டை மாற்றிவிட்டு வந்து துடைக்கலாம் என்று போனேன். வந்து பார்த்தால், எறும்பு. சரோஜாவின் தேநீர் சிந்திய இடத்தைச் சுற்றி முறையாக, ஒழுங்காக, விருந்துக்கு உட்கார்ந்த மாதிரி. இருபத்தேழு வரை எண்ணினேன். அதற்குள் வரிசை மாறிவிட்டதால் விட்டுவிட்டேன். ஒரு சாண் தள்ளி என் கறுப்புக் காபி சிந்திக் கிடந்தது. அதை ஓர் எறும்பும் திரும்பிப் பார்க்கவில்லை.

எறும்புக்கு மலாய் தெரியாது. கோசோங் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் அது நம்பாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஐயோ... பாயசம்!

"சரோ! இது இனிக்குது!"

"ஆமா."

"ஆமாவா? உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் நாக்கு இருக்குங்க."

"தெரிஞ்சுமா குடிச்சே? இத்தனை நாளா?"

"நீங்கதானே கோசோங் கோசோங்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தீங்க? படிச்ச மனுஷன் சொல்றாரேன்னு குடிச்சேன். பதினோரு மணிக்குப் பசிச்சா மிச்சத் தேயில பிஸ்கட்டும் முக்கிச் சாப்பிட்டேன். எத்தனைன்னு கேக்காதீங்க, உங்கள மாதிரி நான் எண்ணல."

"ஆபரேஷன் வேணாமா உனக்கு?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"வேணும்ங்க. நடக்கணும்னு எனக்கு ஆசை இல்லையா? ஆனா இட்லிய எண்ணுறீங்க. சோத்த அளக்கறீங்க. பாதாம அடுக்கி வெக்கிறீங்க. ஒரு நாள்ல இந்தத் தே ஒண்ணுதான் எனக்கு எண்ணாம வந்துச்சு. கையில புடிச்சுக்கிட்டு, ஒழுகிடக் கூடாதேன்னு மெதுவா நடந்து வருவீங்க. அதப் போய் எப்படிங்க வேணாம்னு சொல்றது?"

நான் எறும்புகளைத் துடைத்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் முனைக் கடைக்கு நியாயம் கேட்கப் போனேன்.

"நான் தே கோசோங்தானே கேட்டேன்?"

"ஆமா அங்கிள். சீனி ஒரு கரண்டி போட்டிருப்பேனா? கோசோங்தான்."

"அப்போ இனிப்பு?"

"அது டின் பாலு லா, டின்லயே இனிப்பா வர்ற கெட்டிப் பாலு. டின் பாலு இல்லாம தே எப்படி?"

பக்கத்தில் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த லோரி ஓட்டுநர் ஒருவர் தலையை நீட்டினார். "இல்லண்ணே. மேருல நான் குடிக்கிற கடையில தே கோசோங்னா பாலும் கிடையாது, சீனியும் கிடையாது."

"அது தே ஓ கோசோங் பாஸ்."

"ஓ சொல்லாமலே அப்படித்தான் குடுப்பான்."

"அப்போ அவனுக்குத் தே போடத் தெரியல."

"காஜாங்ல என் மச்சான் கடைக்கு வாங்க. அங்க கேட்டா இனிப்பில்லாத பாலு ஊத்தித் தருவாங்க."

"அது தே சி கோசோங்! ஐயோ, இவருக்கு யாராச்சும் சொல்லுங்களேன்..."

நியாயம் கேட்க வந்த என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். மூன்று கடை, மூன்று அர்த்தம். 'காலி' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அடைத்து வைத்திருக்கிறோம், பாருங்கள்!

லோரி ஓட்டுநர் தட்டில் இருந்ததும் ரொட்டி கோசோங்தான். உள்ளே முட்டை இல்லை, வெங்காயம் இல்லை, சரி. மாவில் பிசைந்த நெய் எங்கே போயிற்று? நம் உடம்பைக் கெடுப்பவை பெரும்பாலும் கேக் என்றும் ஐஸ்கிரீம் என்றும் பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அவற்றைத்தான் வாசலிலேயே மடக்கிவிடுகிறோமே. 'சும்மா ஒரு டீ', 'வெறும் ரொட்டி', 'சாதா பிஸ்கட்'... சும்மா, வெறும், சாதா. நம் வயிற்றில் பாதி இடம் இந்த மூன்று பேருக்குச் சொந்தம்.

வீட்டில் ஆட்சி மாறியது. சட்டம் போட்டது சரோஜா.

"எனக்கு வயிறு நெறையணும். பசியோட விட்டா நான் பிஸ்கட்டுக்குத்தான் போவேன். கீரையும் காயும் தட்டுல பாதிக்குக் கொட்டுங்க. டெம்பேயோ மீனோ முட்டையோ தாராளமா வெச்சுடுங்க. சோத்த நானே குறைச்சுக்கறேன். கோப்பைய எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வரக் கூடாது."

பாதாம் டப்பாவை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். மூடியைத் திறந்து எத்தனை குறைந்தது என்று பார்க்கவில்லை. நம்புங்கள். கை அரித்தது... பார்க்கவில்லை.

தேநீருக்குத்தான் பெரும்பாடு. எலுமிச்சைப்புல் ஒரு தண்டைத் தட்டி, இஞ்சி ஒரு துண்டு நசுக்கி, ஏலக்காய் போட்டுக் கொதிக்கவிட்டு, தேயிலையைக் கடைசியில் சேர்த்து வடிகட்ட வேண்டும். பால் இல்லை, சீனி இல்லை. முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துணி அலசின தண்ணி மாதிரி இருக்குங்க."

அடுத்த நாள் இஞ்சியைக் கூட்டினேன். அதற்கடுத்த நாள் ஒரு துண்டு பட்டை சேர்த்தேன். ஒரு வாரம் கழித்து, "ம்... குடிக்கலாம்" என்றாள். சரோஜாவிடம் 'குடிக்கலாம்' என்பது முதல் வகுப்பில் தேறிய மாதிரி. அன்று முதல் நடையை முடித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, தேநீர் போட்டு, கேட் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு அவளோடு உட்கார்ந்து குடிக்கிறேன். தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி காலை நீட்டி மடக்குகிறாள். நம் தொடர்களில் விளம்பரத்துக்குப் பஞ்சமா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாத்திரைகளை அவள் ஒரு வேளையும் விடவில்லை. என் எலுமிச்சைப்புல் தேநீரை நம்பி உங்கள் மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம். பிறகு உங்கள் டாக்டர் என்னிடம் வந்து 'என்னதான்' என்பார்.

போன வாரம் மூன்றாவது பரிசோதனையின் முடிவு. டாக்டரம்மா திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நான் என் நாற்காலி நுனியில் இருந்தேன். சரோஜாவின் கை கைத்தடியை இறுக்கியிருந்தது.

"ஏழு புள்ளி ஆறு! ஆன்டி, டேட் குடுத்துடலாம்! அங்கிள், என்ன மாத்துனீங்க? சொல்லுங்க, மத்த பேஷண்டுக்கும் சொல்றேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்... டெம்பேயிலிருந்தா, வல்லாரையிலிருந்தா?

"இவரு எண்ணுறத நிறுத்தினாரு டாக்டர்" என்றாள் சரோஜா. "வேற ஒண்ணும் இல்ல."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தேதியை எழுதிக் கொடுத்தார்.

காரில் வரும் வழியில் சிக்னலில் நின்றபோது சரோஜா மெதுவாகக் கேட்டாள்.

"ரொம்ப வலிக்குமாங்க?"

"வலிக்கும். அப்புறம் நடப்பே."

தலையாட்டினாள். பச்சை விளக்கு விழுந்தது.

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"யாரு எண்ணினா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இருபத்திரண்டு. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.