வெளியே போகாத மருந்து

கேண்டீன் அக்காவின் கைக்கு உப்பின் அளவு தெரியும் என்பதை அந்தத் தொழிற்சாலையில் அறியாதவர் கிடையாது. பெரிய அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். அவள் வந்து ஒரு அள்ளு அள்ளிப் போட்டுவிட்டு, ருசிகூடப் பார்க்காமல் அடுத்த அடுப்புக்குப் போய்விடுவாள். கூடியது, குறைந்தது என்று ஒருத்தர் வாய் திறந்ததில்லை. அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

காரணம் அவளுடைய அண்ணன். பிரஷர் ஏறி, பேசிக்கொண்டிருந்த மனிதர் பாதிப் பேச்சில் சாய்ந்தார். ஒரு பக்கம் கையும் காலும் விளங்காமல் போயிற்று. உப்பைக் குறை, உப்பைக் குறை என்று எத்தனை தடவை சொன்னோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர்கள் மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புருஷனிடம் சொன்னாள்: "இனிமே இந்த வீட்ல உப்பு கெடையாது. உங்களயும் அந்தக் கோலத்துல பாக்க எனக்குத் தெம்பில்ல."

புருஷனுக்குப் பிரஷரே இல்லை. அதை யார் கேட்டார்கள்?

அவர் ஒரு தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். துணிமேல் கோடு இழுத்தாரென்றால் ஸ்கேல் தோற்கும். கல்யாணமான புதிதில் அவருக்கு மனநோய் ஒன்று வந்தது. தூங்காமல் பேசினார், சிரித்தார், கடைத் துணியையெல்லாம் தெருவில் போகிறவர்களுக்கு வாரிக் கொடுத்தார். கடைசியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று, தனக்குப் பறக்கத் தெரியும் என்றார். கீழே நின்று அவள் கதறிய கதறலை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. லித்தியம் என்கிற மாத்திரைதான் அவரைத் திரும்ப மனிதராக்கிக் குடும்பத்தில் உட்காரவைத்தது. அன்றைக்கு டாக்டர் நிறையச் சொன்னார். ஒரு வேளைகூட மாத்திரையை விடக்கூடாது என்றார். உப்பையும் தண்ணீரையும் திடீரென்று குறைக்கக்கூடாது, அவ்வப்போது ரத்தம் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். முதலில் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் காதில் விழுந்ததோடு சரி. குற்றம் சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. தொட்டிமேல் நின்ற புருஷனைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு வேறு எது மண்டையில் ஏறும்?

அது கொளுத்துகிற வெயில் காலம். தகரக் கூரைக்குக் கீழே மாஸ்டர் வேர்த்து ஊற்றிக்கொண்டு வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் சப்பென்ற சாப்பாடு. "ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிப் போடுற, எனக்கு மட்டும் ஒரு கல்லு உப்புக்குப் பஞ்சமா?" என்று கேலி செய்தார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவருக்குக் கை நடுங்கியது. கோடு கோணியது. பிறகு நாக்கு குழறியது, கால் தள்ளாடியது. கடை முதலாளி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "தெளிஞ்சப்புறம் வாங்க மாஸ்டர்" என்று அனுப்பிவிட்டார். சாராய வாடையே ஆகாத மனிதர் அவர்! வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதார்.

"பழசு திரும்பிருச்சு" என்றாள் மாஸ்டரின் தங்கை. "அண்ணி, மாத்திரைய ஒழுங்காக் குடுக்குறீங்களா இல்லியா?"

அந்தக் கேள்வி அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து மாத்திரையைத் தானே அவர் வாயில் போட்டு, முழுங்கிவிட்டாரா என்று நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். அவர் வாந்தி எடுத்தார். வயிற்றாலும் போயிற்று. ஐயோ, மாத்திரையும் சேர்ந்து வெளியே போயிருக்குமே என்று இன்னொன்றைப் போட்டாள். திரும்பவும் எடுத்தார். திரும்பவும் போட்டாள். "முழுங்குங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கிறேன், முழுங்குங்க." புருஷனைத் தொட்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருப்பதாகத்தான் பாவம் அவள் நினைத்தாள். காலையில் அவர் அவளைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வலிப்பு வந்து கையும் காலும் இழுத்துக்கொண்டன.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "வீட்ல சமீபத்துல எதையாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க. மாத்திரைய ஒரு வேளகூட விட்டதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்பத்தான் நிறுத்தினேன்" என்றாள்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்த மருந்த வெளிய தள்றது கிட்னி மட்டுந்தான். உடம்புல உப்பும் தண்ணியும் கொறஞ்சா, இருக்குற உப்ப விடக்கூடாதுன்னு கிட்னி இறுக்கிப் புடிக்கும். இந்த மருந்து அதுக்கு உப்பு மாதிரிதான். அதையும் சேத்துப் புடிச்சுக்கும். நீங்க குடுத்தது எப்பவும் குடுக்குற அளவுதான். ஆனா போறது கொறஞ்சுபோச்சு. அப்ப உள்ள சேரத்தானே செய்யும்?"

கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற தொட்டி அவள் கண்ணுக்குள் வந்தது. குழாயை யாரும் வழக்கத்துக்குமேல் திறந்திருக்கமாட்டார்கள். ஓட்டை அடைத்துக்கொண்டால் போதும், தொட்டி வழிந்து தரையெல்லாம் குளமாகிவிடும். "எப்பவும் குடுக்குற அளவு இல்லீங்க" என்றாள். "வாந்தி எடுக்க எடுக்க, மறுபடி மறுபடி குடுத்தேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். "மெஷின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணணும்" என்று மட்டும் சொல்லி எழுந்து ஓடினார். மெஷின் ஓடியது. ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கியது. அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் சாயங்காலம் பார்த்தால் மறுபடி ஏறியிருந்தது. சதையிலும் மூளையிலும் ஊறிக் கிடந்த மருந்து திரும்ப ரத்தத்துக்கு வருகிறதாம், மறுபடி மெஷினில் போடவேண்டுமாம். இதென்ன கொடுமை! இத்தனை வருஷம் காவலுக்கு இருந்தது, போ என்றால் போகமாட்டேன் என்கிறது.

"எங்கண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க மொகத்துலயே முழிக்க மாட்டேன்" என்றாள் தங்கைக்காரி.

"எனக்கே என் மொகத்துல முழிக்கப் பிடிக்கல" என்றாள் அவள்.

மாஸ்டர் பிழைத்தார். ஆள் தெரிந்தது, பேச்சு வந்தது. ஆனால் நாக்கின் குழறல் முழுசாகத் தெளியவில்லை, கை நடுக்கமும் நிற்கவில்லை. "சரியாகலாம். இப்படியேவும் இருந்துடலாம்" என்றார் டாக்டரம்மா. கடையில் வேறு கட்டிங் மாஸ்டர் வந்துவிட்டார்.

அதோடு விட்டதா? மாத்திரை நின்ற கொஞ்ச நாளில் மாஸ்டர் தூக்கத்தை விட்டார். காரணமில்லாமல் சிரித்தார். குழறுகிற நாக்கோடு, தெருவுக்கு ஒரு தையற்கடை திறக்கப்போவதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவள் அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு ஓடினாள். வேறு மருந்துகள் அவருக்கு நோய் வந்த புதிதிலேயே கேட்கவில்லை. "இதையே கம்மியா ஆரம்பிப்போம். வழக்கமான சாப்பாடு, வழக்கமான தண்ணி. வாந்தி பேதின்னா மாத்திரைய நிறுத்திட்டு இங்க ஓடி வந்துடணும். ரத்தத்துல எவ்வளவு தங்குதுன்னு பாத்துப் பாத்துத்தான் மேற்கொண்டு குடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் பாதி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். கொடுத்தால் அந்த வலிப்பு, கொடுக்காவிட்டால் அந்தத் தண்ணீர்த் தொட்டி. அவராக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் டம்ளரைத் தூக்குவதற்குள் தண்ணீர் பாதி சிந்திவிடும். 

"உங்க தங்கச்சியக் கூப்பிடுறேன், அவ குடுக்கட்டும். என் கையால வேணாங்க. நான்தாங்க உங்கள இப்படி..."

ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். 

"தெரியும்" என்றார். "டாக்டரம்மா சொன்னாங்க." நாக்கைச் சிரமப்பட்டுப் புரட்டி, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீயே போடு" என்று வாயைத் திறந்தார்.

போட்டாள். தண்ணீர் புகட்டினாள். அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தட்டிக்கொடுக்கலாம் என்று அவர் கையை அவள் முதுகில் வைத்தார். அது அங்கே நிற்காமல் உதறிக்கொண்டே இருந்தது.