கப்பலைக் கட்டியவனே கழற்றிய கதை

உமெகிச்சி ஒன்பது வருஷம் ஜப்பான் கடற்படைக் கப்பல்களின் இரும்புத் தகடுகளுக்கு ரிவெட் ஆணி அடித்தவன். அவன் அடித்தது கழன்றதாக அந்தத் துறைமுகத்தில் பேச்சே கிடையாது. அந்தப் பெருமைதான் அவனுக்கு வினையாக வந்தது.

1922இல் வல்லரசுகள் வாஷிங்டனில் கூடி, போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டன. பெரிய கப்பல்கள் இல்லாவிட்டால் ஜப்பானே மூழ்கிவிடும் என்று முந்தின வருஷம் முழங்கிய அதே கடற்படை அதிகாரி, இப்போது கப்பல் பட்டறையில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டு, "நமக்குப் பேராசை கிடையாது. நம்ம கடலைக் காத்தாலே போதும்" என்றார். பாதி கட்டிய கப்பலை உடைக்கும் வேலை, அதைக் கட்டியவர்களிடமே வந்து சேர்ந்தது.

மற்றவர்கள் ஒரு நாளில் ஒரு வரிசை ஆணியைக் கழற்றினார்கள். உமெகிச்சியின் வரிசைக்கு மூன்று நாள் பிடித்தது.

"உன்னை யாருடா இவ்வளவு கெட்டியா அடிக்கச் சொன்னது?" என்று கத்தினார் மேஸ்திரி குவாட்டா.

"நீங்கதாங்க. அடிச்சதுக்கு எல்லார் முன்னாடியும் பாராட்டுனீங்களே!"

உடைத்து முடித்ததும் அவனையும் கழற்றிவிட்டார்கள்.

ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்த மைத்துனன் தோராசோவுக்கு ஒரே கொண்டாட்டம். "மச்சான், கப்பலுக்குப் போன பணமெல்லாம் இனி எங்களுக்குத்தான். தண்ணிய நம்பி எவன் உருப்பட்டான்?"

உமெகிச்சி, மனைவி ஷிகேயின் யோசனைப்படி வீடுகளுக்கு இரும்புக் குளியல்தொட்டி செய்ய உட்கார்ந்தான். ஒரு சொட்டு ஒழுகாது. ஊரே வந்து வாங்கிப் போயிற்று.

மூன்று வருஷத்தில் அரசாங்கத்தின் அடக்கம் ராணுவத்தையும் தொட்டது. நாலு படைப்பிரிவுகளைக் கலைத்தார்கள். தோராசோ மூட்டையோடு வாசலில் நின்றான்.

"வாண்ணே," என்றாள் ஷிகே. "பணமெல்லாம் வந்து சேர்ந்துடுச்சா?"

அவனைத் தொட்டி விற்க அனுப்பினார்கள். அணிவகுப்புக் குரலில் அவன் விலை சொன்னதும், வாங்க வந்தவர்கள் விறைத்து நின்று சரி என்றார்கள்.

1937இல் ஒப்பந்தங்கள் காலாவதியாகி, ஆசைகள் மறுபடி கொழுத்தன. கப்பல் பட்டறையிலிருந்து ஒருவர் உமெகிச்சியைத் தேடி வந்தார்.

"பெரிய வேலை. எவ்வளவு பெரிசுன்னு சொல்லக்கூடாது."

"எத்தனை வருஷத்துக்குங்க?"

"அதுவும் ரகசியம்."

உமெகிச்சி அவரிடம் ஒரு தொட்டியை விற்று அனுப்பினான். தோராசோ மட்டும் பட்டறைக் காவலுக்குப் போய்ச் சேர்ந்தான், சீருடை தருகிறார்களாம்.