வேப்பங்கள்ளு

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு ஸ்கந்தபுரத்தில் ஒருவர் தன் காணியில் கொட்டில் போட இடம் தந்தார். ஷெல்லடிக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினோம். மேலே மூட மரக்குற்றி வேண்டும் என்றபோது, தென்னையில் கை வைக்க வேண்டாம், மூலையில் நிற்கிற வேம்பைத் தறியுங்கோ என்றார் காணிக்காரர். தறிப்பதற்குள் ஒரு ஷெல் துண்டு வேம்பின் அடியில் பாய்ந்தது. சில நாளில் அந்தக் காயத்திலிருந்து நுரை தள்ளிக்கொண்டு கள்ளு வடியத் தொடங்கியது.

வேம்பு கள்ளு வடித்தால் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்பார்கள் எங்கள் ஆட்கள். அந்த மரத்தில் பிறகு கத்தி வைக்க மாட்டார்கள். எங்களோடு வந்த என் அண்ணை மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, காயத்தின் கீழே ஒரு மண்முட்டியைக் கட்டினார்.

எனக்கு அப்போது மலேரியா. ஆஸ்பத்திரியில் குளிசை மருந்து இல்லை. நடுங்கிக்கொண்டு கிடந்த என் வாயில் அண்ணை அந்தக் கள்ளை ஊற்றினார். முதலில் இளநீரைப் போல மெல்லிய இனிப்பு. உடனே புளிப்பு வந்து நுரை மூக்கில் ஏறியது. வேப்பம்பூ மணத்தது, பச்சைப் பட்டை மணத்தது, எங்கிருந்தோ கொத்தமல்லி வாசமும் வந்தது. விழுங்கிய பிறகுதான் கசப்பு. அடிநாக்கில் ஏறிக் குந்தியது, தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை. ஆனாலும் இன்னொரு மிடறு கேட்டேன்.

காய்ச்சல் விட்டது. மலேரியா விட்டு விட்டு வருகிற சனியன் என்று எனக்குத் தெரியும். அண்ணையோ, என் தங்கச்சியை அம்மன் திருப்பித் தந்தாள் என்று கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

ஷெல்லடி கிட்டக் கிட்ட வந்தது. என் மனுசன் கோடாலியை எடுத்தார். மூடாத பங்கர் எங்களைப் புதைக்க நாங்களே வெட்டின கிடங்கு என்றார். அண்ணை ஓடிப்போய்க் கோடாலியைப் பறித்து, அதன் பிடியாலேயே அவர் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்து சேட்டெல்லாம் இரத்தம். இவர் அண்ணையின் கழுத்தைப் பிடித்து நெரித்தார். மச்சான்மார் இரண்டு பேரும் நாய்களைப் போலப் புழுதியில் புரண்டார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றம் கூட்டுகிற தும்புத்தடியால் இரண்டு பேருக்கும் விளாசினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அண்ணை எழும்பி மரத்தைக் கட்டிப்பிடித்தார்.

"முதல்லை என்னை வெட்டு. பிறகு மரத்தை வெட்டு."

"விசரன்," என்று துப்பிவிட்டு இவர் கோடாலியை எறிந்தார். துப்பியது முழுக்க இரத்தம்.

மறுநாள் காலை ஷெல் மழையாக விழுந்தது. எல்லோரும் பங்கருக்குள் குதித்தோம். மேலே வெறும் வானம். அண்ணை என்னையும் பிள்ளையையும் ஒரு மூலைக்குள் தள்ளி, எங்களுக்கு மேலே கவிழ்ந்து படுத்தார். வளவுக்குள்ளேயே ஒன்று வெடித்தது. அவர் உடம்பு ஒருமுறை துள்ளியது. பிறகு என் கழுத்தில் சூடாக வழிந்தது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை.

அண்ணையை எரித்துவிட்டு வந்த கையோடு இவர் கோடாலியை எடுத்தார். உடைந்த மூக்கோடு அழுது அழுது தறித்தார். ஒவ்வொரு கொத்துக்கும் கள்ளு தெறித்தது. என் உதட்டிலும் பட்டது. அதே இனிப்பு, அதே கசப்பு. அம்மனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். முட்டியைத் தூக்கிக் கல்லில் அடித்தேன்.

அண்ணை சொன்ன ஒழுங்கு பிசகவில்லை. முதலில் அவர், பிறகு மரம். பொழுது படுவதற்குள் பங்கரை மூடிவிட்டோம்.