மெடலாகிப்போன டோக்கன்

ராஜாக்கள் காலத்துக் காசு சேர்ப்பவர்களைக் கண்டால் வசந்தாவுக்கு இளக்காரம். செஞ்சிக் கோட்டை வாசலில் எவனோ தேய்த்துக் கொடுத்த செம்பைப் பழங்காலத்துக் காசென்று நம்பி வாங்கிப் போகிற கூட்டம்! சிங்கவரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் சேர்ப்பது பித்தளை டோக்கன்களை மட்டும்தான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டாள முகாமுக்குள் கடை போட்ட வியாபாரிகள், சில்லறை இல்லையென்று சிப்பாய்களின் கையில் திணித்தவை. அதே கடையில் கொடுத்தால் டீ கிடைக்கும். வெளியே ஒரு பீடிகூட வாங்க முடியாது. அப்படி ஐம்பத்தேழு வைத்திருந்தாள். அந்த வியாபாரிகளையும் அவளுக்குப் பிடிக்காது.

சுதந்திர தினத்தன்று அவள் மகள் படிக்கும் பள்ளியில் கொடியேற்ற வந்தவர், கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சிங்காரவேலு. அவர் சட்டையில் பித்தளை வட்டம் ஒன்று நாடாவில் தொங்கியது.

"எங்க தாத்தாவுக்கு யுத்தத்துல குட்த்த மெடலு," என்றார் மைக்கில். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

போட்டோ எடுக்கிற சாக்கில் கிட்டே போய்ப் பார்த்தாள் வசந்தா. அவர் பாத்திரக்கடையின் அதே பெயர், கீழே 'ஓரணா'. நாடா கோக்க ஓட்டை வேறு போட்டிருந்தார்.

மறுநாள் கடைக்கே போனாள்.

"அண்ணே, அது மெடல் இல்ல. உங்க தாத்தா சிப்பாய்ங்களுக்குச் சில்லறைக்குப் பதிலா குட்த்த டோக்கன்."

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ மேசை இழுப்பறையிலிருந்து ஓட்டையில்லாத ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தெரியும்மா. வூட்ல டப்பா நெறைய கெடக்குது. இத நீ வெச்சுக்கோ. வெளிய இன்னாத்துக்குச் சொல்ற?"

அந்தக் கடை டோக்கன் அவளிடம் இல்லை. வாங்கிக்கொண்டாள். நேரே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியர் இளையபெருமாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சிங்காரவேலு மாதிரி ஆளிடம் காட்ட வேண்டிய நாணயம் எதுவும் தன்னிடம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

இளையபெருமாள் பேனாவை மூடினார். "விடுங்கம்மா. போன வருசம் பெஞ்செல்லாம் அவருதான் வாங்கித் தந்தாரு. குடியரசு தினத்துக்கும் அவரத்தான் கூப்ட்ருக்கோம்."

"அப்ப நீங்களும் ஒண்ணு வாங்கிச் சட்டையில குத்திக்கோங்க சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

குடியரசு தினத்தன்று ஓரணா மறுபடி மேடையேறியது. வசந்தாவின் மகள் போகவில்லை. 'கடும் காய்ச்சல்' என்று வசந்தாவே லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்திருந்தாள்.