ஸ்டெல்லா ஆன்ட்டி மெஷின்ல லாரி ஓடுமா?

டாக்டர்கிட்ட 'பொழைச்சுடுவாரா'ன்னு கேக்குற அதே மூஞ்சியோடதான் எங்ககிட்ட 'இந்த கேம் ஓடுமா'ன்னு கேப்பாங்க. கம்ப்யூட்டர் கடைல நிக்குற என் சக கஷ்டவாளிகளே, உங்களுக்குத் தெரியாததா! இன்ஜினியரிங்க பாதில விட்டுட்டு பெங்களூர் ஆஸ்டின் டவுன்ல கடை ஒண்ணுல நிக்குறேன். ஒரே வாரத்துல பட்டத மட்டும் சொல்றேன்.

மொட்டை மரம்

ஸ்டெல்லா ஆன்ட்டி ஆட்டோல வந்து இறங்குனாங்க. மடியில பெட்ஷீட் சுத்துன சிபியு, கொழந்தைய ஊசி போடக் கூட்டிட்டு வந்த மாதிரி. ஆபீஸ்ல பழசுன்னு குடுத்துட்டாங்களாம். அதுல லாரி ஓட்டுற கேம் ஒண்ணு ஓடணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள.

"யாருக்கு ஆன்ட்டி?"

"எனக்குத்தான். கனடால இருக்குற என் பையன் கெவின் போனே எடுக்குறதில்லப்பா. பண்ணா 'பிஸிம்மா'ன்னு மெசேஜ். ஞாயித்துக்கிழமையானா மட்டும் ஃப்ரெண்ட்ஸோட இதுல லாரி ஓட்டுறானாம். அவன் கஸின் சொன்னான், அவங்க ஓட்டுற ரூமுக்குள்ள போற பாஸ்வேர்டும் குடுத்தான்."

ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பாத்தேன். கேம் கேக்குறதுக்கு ஜஸ்ட் பாஸ். "ஓடும் ஆன்ட்டி. ஆனா செட்டிங்ஸ லோல வெக்கணும்."

"லோன்னா? லாரி மெதுவா போகுமா?"

"இல்ல, மரமெல்லாம் மொட்டையா தெரியும்."

"மரத்தப் பாக்கவா நான் கனடா வரைக்கும் லாரி எடுத்துட்டு போறேன்?"

நீலசந்திரா அண்ணன்

ஆன்ட்டி மெஷின்ல கேம் டவுன்லோட் ஆயிட்டிருக்கு. பக்கத்து ஏரியா நீலசந்திரால இருந்து ஒரு அண்ணன் லேப்டாப்போட வந்தாரு. அது ஆன் ஆகுறதே பெரிய விஷயம். "அண்ணா, இதுல கிராபிக்ஸ் கார்டே இல்ல, பெரிய கேம் எதுவும் ஓடாது." ஒத்துக்கவே இல்ல. அவர் வீட்டு நெட்டு அவ்ளோ ஸ்பீடாம், அப்புறம் எப்படி ஓடாதாம்?

ஆன்ட்டி சிபியுவ கைகாட்டி, "அந்த டப்பால மட்டும் ஓடுமா?"ன்னாரு. ஓடும்னேன். அதையும் பாத்தாரு, பக்கத்துல கெடந்த பெட்ஷீட்டையும் பாத்தாரு.

"நானும் பெட்ஷீட்ல சுத்தி எடுத்துட்டு வந்திருந்தா ஓடும்னு சொல்லிருப்ப, இல்ல?"

ஆயுத பூஜை

கேம் ஓடுச்சு. கொஞ்ச நேரம்தான். அப்புறம் மெஷினே ஆஃப். மறுபடி போட்டா மறுபடி ஆஃப். பேப்பர்ல எல்லாம் சரி, தொட்டா இட்லி குக்கர் மாதிரி கொதிக்குது. நான் வேற ஓடும்னு வாய விட்டாச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை.

கடைல என்கூட வேலை பாக்குற கன்னடப் பையன் மஞ்சு (அவனுக்கு எல்லாருமே 'குரு'தான்) மூடியக் கழட்டுனான். பெங்களூர் ஆபீஸ்ல ஆயுத பூஜைன்னா ஸ்டேப்ளரக் கூட விட மாட்டாங்களே! வருஷா வருஷம் காத்து போற ஓட்டை மேலயே சந்தனத்த அப்பி, குங்குமம் வெச்சு, மாலையும் போட்டிருக்காங்க. சந்தனம் காஞ்சு ஓட்டைய அடைச்சுடுச்சு. ஃபேனுக்குள்ள சாமந்தி இதழ் நார் நாரா சுத்திக் கெடக்கு. பிரஷ்ஷ வெச்சு சுரண்டி எடுத்ததுக்கு அப்புறம்தான் சூடு எறங்குச்சு, கேமும் நிக்காம ஓடுச்சு. மஞ்சு அந்தப் பூவ எல்லாம் முறத்துல அள்ளிக்கிட்டே சொன்னான்:

"ஏன் குரு, உயிரோட இருக்கும்போதே வருஷா வருஷம் மாலை போட்டா, அது படுக்காம என்ன பண்ணும்?"

நடுரோட்டுல அம்மா

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆன்ட்டி வீட்டுல கனெக்‌ஷன் குடுத்தேன். கேமுக்குள்ள போனதும் முன்னாடி நாலஞ்சு லாரி, ஒண்ணு மேல கெவின் பேரு. ஆன்ட்டி பேர 'கெஸ்ட்'னு போட்டிருந்தேன். கீபோர்ட ஆபீஸ்ல லெட்டர் அடிக்குற மாதிரி அடிக்குறாங்க, லாரி ரோட்டுக்குக் குறுக்க போகுது. ஸ்பீக்கர்ல ஒரு பையன் இங்கிலீஷ்ல கத்துறான், யாருடா இந்த டிரைவர்னு. கெவினேதான்.

ஆன்ட்டி மைக்க ஆன் பண்ணாங்க. "கெவின், மொதல்ல நீ உன் லேன்ல ஓட்டு."

கேம விட்டு வெளிய தள்ளிடுவானோன்னு நான் ஸ்க்ரீனயே பாத்தேன். ஆன்ட்டி கை கீபோர்டு மேலயே நின்னுடுச்சு. முன்னாடி போன கெவின் லாரில பிரேக் லைட்டு எரிஞ்சுது. ஓரமா ஒதுங்கி நின்னுது.

"மெதுவா வாம்மா, நான் நிக்குறேன்."

மக்களே, ஒரு மெஷின்ல கேம் ஓடுமான்னு கேட்டா நான் சொல்லிடுவேன், ஆன்ட்டி ஓட்டுற லாரிக்கு முன்னாடி நிக்குறது சேஃபான்னு கேட்டா, சத்தியமா எனக்கு அவ்ளோ படிப்பு கெடையாது.